எல்கன் மலைச் சாரலிலே

ஆப்பிரிக்கா என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன இரண்டே காட்சிகள். ஒன்று, ஸஹாரா மணல்வெளி. மற்றொன்று, சிங்கமும் யானையும் உலாவும் வனாந்தரம். பூகோளப் புத்தகங்களும் சினிமாப் படங்களும் சேர்ந்து நமக்குச் செய்திருக்கும் உபகாரம் இது. அந்தக் கண்டத்தின் கிழக்குப் பாகத்தில், பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, ஒரு சாண் நிலத்தையும் வீணாக்காமல் வாழையும் காப்பியும் பயிர் செய்யும் மலைநாடு ஒன்று இருக்கிறது. அங்கே சிங்கம் கிடையாது, மணல்வெளியும் கிடையாது. காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போகும் குடியானவர்களும், புத்தகப் பையுடன் மலைப்பாதையில் இறங்கிப் பள்ளிக்கூடம் செல்லும் குழந்தைகளுமே உண்டு. உகாண்டா தேசத்தின் கீழ்க்கோடியில் இருக்கும் புடூடா ஜில்லாவைப் பற்றித்தான் சொல்கிறோம்.

வழியில் ஒரு புண்ணிய க்ஷேத்திரம்

உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவிலிருந்து கிழக்கே 50 மைல் சென்றால் ஜின்ஜா என்னும் ஊர் வருகிறது. விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி புறப்படும் இடம் அதுதான். மகாத்மா காந்தியின் அஸ்தியில் ஒரு பாகம் 1948-ஆம் ஆண்டில் இங்கே கரைக்கப்பட்டது. 1997-இல் நம் நாட்டுப் பிரதம மந்திரியாக இருந்த ஐ. கே. குஜ்ரால் அவ்விடத்தில் காந்திஜியின் மார்பளவுச் சிலையைத் திறந்து வைத்தார். நைலின் ஜலம் சூடானையும் எகிப்தையும் கடந்து மத்தியதரைக் கடலில் கலக்கிறது. அத்தனை தூரம் செல்லும் நதியின் தலைமாட்டில் நம் தேசத்துப் பெரியவர் ஒருவருடைய ஞாபகச் சின்னம் இருப்பதைக் காணும்போது நம்மையறியாமல் கை குவிகிறது.

இந்தப் பிரதேசத்துக்கும் இந்தியர்களுக்கும் உள்ள தொடர்பு இன்னும் பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், மொம்பாஸாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போடுவதற்காகச் சுமார் 32,000 இந்தியத் தொழிலாளிகளைப் பிரிட்டிஷார் கொண்டு வந்தனர். ரயில் 1901-இல் ஏரிக்கரையை எட்டுவதற்குள் அவர்களில் சுமார் 2,500 பேர் மாண்டு போயினர். ரயிலுக்குப் பின் இந்திய வியாபாரிகள் வந்தார்கள். சிற்றூர்களிற்கூடக் கடை வைத்தார்கள். பருத்தியும் காப்பியும் வாங்கி விற்றார்கள். 1972-இல் இடி அமீன் 90 நாள் தவணை கொடுத்து ஆசியர்களை வெளியேறச் சொன்னபோது அந்தக் கடைகளெல்லாம் ஒரே நாளில் திறந்தபடி கிடந்தனபோல் ஆயின. மபாலே நகரத்துக் கடைவீதியில் நடந்தால், பழைய கட்டிடங்களின் அமைப்பே அக்காலத்து வியாபாரிகளை நினைவூட்டுகிறது.

மபாலே, கம்பாலாவிலிருந்து சுமார் 150 மைல். கிழக்கு உகாண்டாவின் முக்கியப் பட்டணம். இதை உண்டாக்கியவர் வெள்ளைக்காரர் அல்லர். ஸெமேயி ககுங்குலு என்னும் பகாண்டா ஜாதித் தளபதி. இவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷாருக்காகக் கிழக்குப் பிரதேசத்தை வென்று கொடுத்தார். வென்று கொடுத்ததற்குத் தம்மை அந்நாட்டுக்கு அரசராக்குவார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ மெல்ல மெல்ல அவருடைய அதிகாரத்தைக் குறைத்துவிட்டார்கள். அந்நியனுக்காக அயலானை வெல்லப் புறப்படுகிறவர்களுக்குச் சரித்திரம் வழக்கமாக அளிக்கும் பரிசு இதுவே. மனம் கசந்த ககுங்குலு கிறிஸ்தவ மிஷன்களை விட்டு விலகி, பைபிளின் பழைய ஏற்பாட்டைத் தாமே படித்து, 1919-இல் யூத மார்க்கத்தைத் தழுவினார். 1928-இல் அவர் காலமான பின்பும் அவரைப் பின்பற்றிய சிறு சமூகம் அழிந்து போகாமல், இன்றும் மபாலேயைச் சுற்றி அந்த மதத்தை அநுஷ்டித்து வருகிறது.

மலையும் மண்ணும்

மபாலேயிலிருந்து தென்கிழக்கே சுமார் 25 மைல் சென்றால் புடூடா. பாதை ஏற ஏற, எதிரே எல்கன் மலை வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பார்வைக்கு அது ஊசிபோல் நிமிர்ந்த மலை அன்று. ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்து வைத்தாற்போல் அகன்று கிடக்கிறது. அடிவாரத்தின் குறுக்களவு மட்டும் சுமார் 50 மைல். உச்சியான வாகாகாய் சிகரம் 14,177 அடி உயரம். உகாண்டாவுக்கும் கென்யாவுக்கும் எல்லை இம்மலையின் மேலேயே செல்கிறது.

இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பே தீக்குழம்பைக் கக்கத் தொடங்கிய எரிமலை இது. இப்போது அடங்கிக் கிடக்கிறது. சிகரங்களுக்கு நடுவே, சுமார் 5 மைல் அகலமுள்ள பெரிய பள்ளம் பழைய எரிமலை வாயின் அடையாளமாக இருக்கிறது. எரிமலை கக்கிய சாம்பலும் கல்லும் மக்கிப் பொடிந்துதான் சாரலின் செம்மண் ஆகியிருக்கிறது. ஆண்டுக்கு 60 அங்குலத்துக்கு மேல் மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சற்று ஓய்வு. மற்ற மாதங்களில் மழைக்குக் குறைவில்லை. இத்தகைய மண்ணும் இத்தகைய மழையும் சேர்ந்தால் என்ன விளையாது? குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும் என்று சொல்வார்களே, அது இங்கே உபசார வார்த்தை அன்று.

இந்த மலையில் பிறக்கும் மனாப்வா ஆறு புடூடாவின் ஓடைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு சமவெளிக்கு இறங்குகிறது. அங்கே டோஹோ என்னுமிடத்தில், இந்த ஆற்று ஜலத்தைக்கொண்டே நெல் பயிராகிறது. ஆற்றோடு வண்டலும் வந்து வாய்க்கால்களைத் தூர்த்துவிடுவது அங்குள்ளவர்களின் ஓயாத தொல்லை. மேலே ஒருவன் கொல்லையிலிருந்து மண் போகிறது. கீழே மற்றொருவன் வாய்க்காலில் அதே மண் சேருகிறது. இருவருக்கும் நஷ்டம்.

மலையின் மக்கள்

இங்குள்ளவர்கள் பாகிஸு என்னும் இனத்தவர். தங்கள் ஆதி புருஷனாகிய மஸாபா இம்மலையிலிருந்தே வெளிப்பட்டவன் என்பது அவர்கள் ஐதிகம். மலைக்கும் மஸாபா என்றே பெயர். பாஷைக்கும் லுமஸாபா என்று பெயர். பக்கத்து பகாண்டா நாட்டைப்போல் இவர்களுக்கு ராஜா இருந்ததில்லை. ஒவ்வொரு மலைச்சரிவிலும் ஒரு குலம். குலத்துப் பெரியவர்கள் சொல்வதே தீர்ப்பு. ஆகவே நிலமும் அரசன் நிலமாக இராமல் குடும்பத்தின் நிலமாகவே இருந்து வந்திருக்கிறது.

இவர்களுடைய பெரிய சடங்கு 'இம்பாலு'. இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும் விருத்தசேதனச் சடங்கு அது. ஆகஸ்டு மாதத்தில் மபாலேக்கு அருகிலுள்ள முடோடோவில் தொடங்குகிறது. வாலிபர்கள் உடம்பெல்லாம் தானிய மாவைப் பூசிக்கொண்டு, காலில் சலங்கை குலுங்க, சுற்றத்தார் வீடெல்லாம் ஆடிச் சென்று, கடைசியில் கத்திக்கு முன்னால் இமை கொட்டாமல் நிற்க வேண்டும். முகம் சுளித்தால் குடும்பத்துக்கே அவமானம். இந்த விழாவுக்குக் காய்ச்சும் பானத்துக்கு வேண்டிய தானியங்களில் ஒன்று நமக்கு நன்கு பழக்கமானது: கேழ்வரகு. நம் கிராமத்துக் களிக்கும் கூழுக்கும் ஆதாரமான அந்தத் தானியம் முதன்முதல் பயிராக்கப்பட்டது எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களிலேதான் என்று தாவர சாஸ்திரிகள் கூறுகிறார்கள். அங்கிருந்து கடல் கடந்து வந்து, நம் ஊர்க் குடியானவனுக்கு உயிர் கொடுத்திருக்கிறது.

இம்பாலு முடிந்தவன் ஆண்மகனாகிறான். ஆண்மகனானவன் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் வைக்க உரிமை உள்ளவன். அதற்கு நிலம் வேண்டும்; அதைத் தகப்பனிடம் கேட்கிறான். தகப்பன் தன் நிலத்தில் ஒரு துண்டை அளந்து கொடுக்கிறான். நாலு பிள்ளைகள் இருந்தால் நாலு துண்டு. அடுத்த தலைமுறையில் அந்தத் துண்டும் துண்டாகிறது. 2006-இல் தனி ஜில்லாவாகப் பிரிக்கப்பட்ட புடூடாவின் மொத்த விஸ்தீரணம் சுமார் 100 சதுர மைல்தான். அதிலும் ஒரு பெரும் பகுதி மலைக்காடு. 2014-ஆம் ஆண்டு ஜனக் கணிதப்படி இங்கே வாழ்ந்தவர்கள் 2 லட்சத்துக்கு மேல். பள்ளிக்கூடத்துப் பையன்கூட இந்தக் கணக்கின் விடையைச் சொல்லிவிடுவான். கீழே இடமில்லாதவன் மேலே ஏற வேண்டியதுதான். மேலே உள்ள காடோ சர்க்கார் காடு. 1993 முதல் அது நேஷனல் பார்க்காகவும் ஆகிவிட்டது. எல்லைக் கல்லைப்பற்றிய தகராறு இன்னும் ஓயவில்லை. காட்டு மூங்கிலின் குருத்தைப் புகையில் உலர்த்தி, நிலக்கடலை விழுதில் வேகவைத்துச் செய்யும் 'மலேவா' பாகிஸு விருந்தின் முக்கியப் பதார்த்தம். அந்தக் குருத்துக்கும் விறகுக்கும் பாட்டன் காலத்தில் சுதந்திரமாகப் போய்வந்த காட்டுக்குள் இப்போது அநுமதி பெற்றுப் போகவேண்டியிருப்பது ஜனங்களுக்குக் குறைதான்.

காப்பிக் கொல்லை

உகாண்டாவில் விளையும் காப்பியில் பெரும் பகுதி விக்டோரியா ஏரியைச் சுற்றி விளையும் ரொபஸ்டா. எல்கன் சாரலில் விளைவதோ உயர்ந்த ரகமான அராபிகா. நல்ல காப்பிக்காகச் சண்டை போடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. 1912-ஆம் ஆண்டை ஒட்டி இங்கே அராபிகாச் செடி வந்தது. கென்யாவில் நடந்ததுபோல் இங்கே துரைமார் எஸ்டேட்டுகள் ஏற்படவில்லை. பாகிஸுக் குடியானவர்களே தங்கள் வீட்டுக் கொல்லையில் செடியை நட்டார்கள். ஆகவே காப்பிப் பணம், சிறிதோ பெரிதோ, குடியானவன் கைக்கே வந்தது.

கொல்லையின் அமைப்பு பார்ப்பதற்கு ரமணீயமாக இருக்கிறது. மேலே நிழல் மரங்கள். அவற்றின் கீழ் வாழை. வாழையின் கீழ் காப்பி. காப்பியின் காலடியில் அவரைக் கொடி. வாழைச் சருகை வெட்டித் தரையில் பரப்புகிறார்கள். வெயிலில் மண் காயாமலும் மழையில் கரையாமலும் அது காக்கிறது. வாழைக்காயை அவித்து மசித்த 'மடோக்கே'தான் அவர்களுக்குச் சோறு. வாழை வயிற்றுக்கு, காப்பி பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும், தகரக் கூரைக்கும், வைத்தியச் செலவுக்கும். ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் சம்பளம் 1997-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் உயர்தரப் படிப்புக்கும் புத்தகத்துக்கும் உடுப்புக்கும் பணம் வேண்டியிருக்கிறது. பையன் எத்தனை வகுப்பு வரை படிப்பான் என்பதைக் காப்பிச் செடிதான் நிர்ணயிக்கிறது.

ஆகஸ்டுக்குப் பிறகு பழம் சிவக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு பழமாகக் கையால் பறித்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் தோல் நீக்கி, ஓரிரவு புளிக்க வைத்து, கழுவி, வெயிலில் உலர்த்துகிறார்கள். பறிப்பதிலும் சுமப்பதிலும் பெரும் பகுதி ஸ்திரீகளின் வேலை. விற்றுப் பணம் வாங்கும்போது மட்டும் புருஷர்கள் முன்னே நிற்கிறார்கள். இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் ஒரே தேசம் என்றே சொல்லலாம்.

1954-இல் குடியானவர்கள் சேர்ந்து புகிஸு கூட்டுறவு யூனியனை நிறுவினார்கள். மபாலே நகரில் அதன் செல்வாக்கு ஓங்கியது. அந்தப் பணத்தில் எத்தனையோ பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்தார்கள். அமீன் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. சர்க்கார் போர்டு தவிர வேறு யாரும் காப்பி வாங்கக்கூடாது. போர்டு கொடுத்ததோ அற்ப விலை. 1975-இல் பிரேஸில் நாட்டில் பனி பெய்து காப்பிச் செடிகள் கருகிப் போகவே, உலகச் சந்தையில் விலை வானளாவியது. குடியானவன் சும்மா இருப்பானா? இரவோடிரவாகக் கழுதைமேல் மூட்டையை ஏற்றி, மலையைச் சுற்றிக் கென்யாவின் எல்லைக்குள் கொண்டுபோய் விற்றான். செப்குபே என்னும் எல்லைப்புறச் சந்தை 1976, 77-ஆம் ஆண்டுகளில் இந்தக் கள்ளக் காப்பியால் கொழுத்தது.

1990-களின் தொடக்கத்தில் போர்டின் ஏகபோகம் நீங்கி, யாரும் வாங்கலாம் என்று ஆயிற்று. இப்போது தரகர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஆனால் பூப் பிடிக்கும்போதே முன்பணம் கொடுத்து, பழுக்கும்போது குறைந்த விலைக்குக் கொண்டுபோகும் தரகர்களும் உண்டு. அவசரச் செலவுக்காரன் அவர்களிடமே போகிறான்.

மலை இறங்கிய நாள்

இவ்வளவு வளமான பூமிக்கு ஒரு பெருங்குறை இருக்கிறது. அது நிலையாக நிற்பதில்லை.

2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதி. நாட்கணக்காக மழை பெய்திருந்தது. புடூடா ஜில்லாவில், மலைச்சரிவிலிருந்த நமேட்ஸி கிராமத்தின்மேல் ஒரு பக்கத்து மலை அப்படியே பெயர்ந்து விழுந்தது. கடைத்தெரு, வைத்திய நிலையம், வீடுகள் யாவும் மண்ணுக்குள் போயின. ஜனங்கள் கையில் கிடைத்த மண்வெட்டிகளால் தோண்டினார்கள். சுமார் 100 சடலங்களே கிடைத்தன. காணாமற் போனவர்களையும் சேர்த்து 300 பேருக்கு மேல் மாண்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பிறகு 2012-இலும் சரிவு ஏற்பட்டது. 2018 அக்டோபர் 11-ஆம் தேதி புகலாஸிப் பகுதியில் ஆறு பாறைகளையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு வந்து 40 பேருக்கு மேல் பலிகொண்டது. 2024 நவம்பரில் புலாம்புலி ஜில்லாவில் கிராமங்கள் புதைந்தன.

இதற்குக் காரணம் தெய்வ கோபம் என்று சிலர் சொல்லுவார்கள். சாஸ்திரிகள் சொல்லும் காரணம் வேறு. பாறைமேல் ஆழமாகப் படிந்திருப்பது களிமண் கலந்த பூமி. மழை ஜலம் அதில் இறங்கி, பாறையைத் தொட்டவுடன் மேலே செல்ல வழியின்றித் தேங்குகிறது. ஜலம் குடித்த மண் கனக்கிறது; பிடிப்போ தளருகிறது. மலை குழிந்திருக்கும் இடங்களில் நாலா பக்கத்து ஜலமும் சேருவதால் ஆபத்து அதிகம். முன்பு பெரிய மரங்களின் வேர்கள் மண்ணை ஆணி அடித்தாற்போல் பிடித்திருந்தன. மரம் போனதும் ஆணியும் போயிற்று. வாழைக்கு வேர் ஆழமில்லை. வீடு கட்டச் சரிவின் அடிப்பாகத்தை வெட்டிச் சமப்படுத்துவதும், சுவரின் அஸ்திவாரத்தைத் தோண்டி எடுப்பதும் ஒன்றுதான்.

போவதா, இருப்பதா?

அப்படியானால் ஜனங்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? நாமும் இதே கேள்வியைக் கேட்டோம். மலைப்பாதையோரம் காப்பி உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை, அந்நாட்டு வழக்கப்படி 'முஸே' என்று மரியாதையாக அழைத்து, துணைக்கு வந்த ஆசிரியர் மூலம் விசாரித்தோம். அவர் வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "மலை என்றோ ஒரு நாள் கொல்லும். பசி தினந்தோறும் கொல்லும். மலையில் பசி இல்லை." சற்றுப் பொறுத்து, வாழைகளுக்கு நடுவே இருந்த மேட்டைக் காட்டினார். அவருடைய தகப்பனாரின் சமாதி அது.

2010-க்குப் பிறகு சர்க்கார் பல குடும்பங்களைச் சுமார் 200 மைலுக்கு அப்பாலுள்ள கிரியாண்டொங்கோவுக்குக் குடியேற்றியது. அது சமவெளி, மலை விழும் பயமில்லை. ஆனால் அங்கே வெயில் அதிகம், மழை குறைவு, சோளம் விளையும், மலைக்காப்பி விளையாது. அயல் பாஷை பேசுவோர் நடுவில் வாழ வேண்டும். சிலர் நிலைத்தார்கள், சிலர் திரும்பி வந்து, புதைந்த கிராமத்துக்கு அருகிலேயே மறுபடி செடி நட்டார்கள். 2018-ஆம் ஆண்டு விபத்துக்குப் பிறகு, மலையடிவாரத்திலேயே புனம்புட்யே என்னுமிடத்தில் வீடுகள் கட்டி, 2019 முதல் ஜனங்களைக் குடியேற்றினார்கள். இது முன்னதைவிட மேல். மலை கண்ணுக்குத் தெரிகிறது. அக்கம்பக்கத்தில் சொந்தப் பாஷை. இங்கும் குறைகள் உண்டு. மலைக்கொல்லையை முற்றும் விட மனமில்லாமல் பகலில் மேலே போய் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நிபுணர்கள் சொல்லும் பரிகாரங்கள் யாவும் நல்லவையே. செங்குத்தான இடங்களைக் காட்டுக்கே விட்டுவிட வேண்டும். காப்பிக்கு நடுவே ஆழ வேரோடும் மரங்களை நெருக்கமாக நட வேண்டும். குழிந்த சரிவுகளில் வீடு கட்டலாகாது. மலையில் வெடிப்புக் கண்டவுடன் ஊரைக் காலி செய்ய வேண்டும். ஆனால் அரை ஏக்கர் வைத்திருப்பவனிடம் அதில் பாதியை மரத்துக்கு விடச் சொன்னால், மீதிப் பாதிக்குள் அவன் குடும்பம் எப்படி ஜீவிக்கும் என்பதற்கும் வழி சொல்ல வேண்டும். வழி சொல்லாத உபதேசத்தை அவன் கேட்டுக்கொள்வான், பின்பற்ற மாட்டான்.

ஒன்று மட்டும் நமக்குத் தெளிவாக விளங்கிற்று. இந்த ஜனங்கள் அறியாமையால் மலையில் இருக்கவில்லை. எந்தச் சரிவு எப்போது பெயர்ந்தது என்பதை விரல் விட்டுச் சொல்கிறார்கள். மழை மூன்று நாள் தொடர்ந்தால் குழந்தைகளைத் தாழ்ந்த இடத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். லாபத்தையும் ஆபத்தையும் நிறுத்துப் பார்த்தே தங்கியிருக்கிறார்கள். அந்தத் தராசில் ஆபத்தின் தட்டு தாழ வேண்டுமானால், மறு தட்டில் சமவெளியில் நல்ல நிலமும், காப்பிக்கு நியாயமான விலையும், பிள்ளைகளுக்கு நிலத்தை நம்பாமல் பிழைக்கக்கூடிய படிப்பும் வைக்கப்பட வேண்டும்.

புடூடாவின் பள்ளிக்கூடங்கள் மதியம் கலையும் நேரத்தில் பாதையெங்கும் சீருடைக் குழந்தைகள். அவர்களில் பாதிப்பேருக்குப் பங்கு பிரிக்க நிலம் இராது என்பது அவர்களுடைய தகப்பன்மாருக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பழமாகப் பறித்துப் பணம் சேர்த்துப் படிக்க வைக்கிறார்கள். மலையிலிருந்து அவர்களைப் பத்திரமாக இறக்கப் போவது எந்தச் சர்க்கார் லாரியும் அன்று; அந்தப் படிப்பாகத்தான் இருக்கும் என்று, தொழிலால் உபாத்தியாயராகிய நாம் நம்புகிறோம்.